கிரிமினல் ஜஸ்டிஸ் பாடம் (டெக்சாஸ் ஹைஸ்கூல்): வகுப்பு விதிகளும் மார்க் பிரிப்பும் - வரைவில் ஓட்டை எங்கே?

#1 | சாக்பீஸ் | ஆகஸ்ட் 4, காலை 7:10

வணக்கம். பாடத்தின் முழுப்பெயர் 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் லா, பப்ளிக் சேஃப்டி, கரெக்‌ஷன்ஸ் அண்ட் செக்யூரிட்டி'. ஒரு கிரெடிட். 9, 10-ஆம் வகுப்புப் பிள்ளைகள் 28 பேர், பீரியட் 45 நிமிடம். முதல் நாள் கொடுக்கப்போகும் விதித்தாள் இது:

1. மணி அடிக்கும்போது இருக்கையில் இருக்க வேண்டும். தாமதம் ஒவ்வொன்றுக்கும் 5 மார்க் குறையும்.
2. எல்லோரிடமும் மரியாதையாக நடக்க வேண்டும்.
3. போன் கூடாது. பிடிபட்டால் அன்றைய வேலைக்கு 0.
4. புதன்கிழமை சீருடைச் சட்டை. இல்லையென்றால் 0.
5. கைவிலங்கு, பயிற்சித் துப்பாக்கி முதலியவற்றை அனுமதியில்லாமல் தொடக் கூடாது.
6. தாமதமான வேலை ஏற்கப்படாது.

மார்க்: தேர்வு 40, வீட்டுப்பாடம் 20, வகுப்பில் பங்கேற்பு 20, சீருடையும் ஒழுக்கமும் 20.

எதை மாற்ற வேண்டும், ஏன் என்று காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 | கரும்பலகை | ஆகஸ்ட் 4, காலை 8:02

முதலில் கணக்கு. பங்கேற்பு 20, சீருடை ஒழுக்கம் 20, ஆக 40. அதற்கு மேல் தாமதத்துக்கும் போனுக்கும் வெட்டு. பாடம் முழுக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று இதில் 70-க்குக் கீழே போக முடியும். பாடமே தெரியாத பிள்ளை சட்டை போட்டு வந்து கையைத் தூக்கித் தேறவும் முடியும். அந்த எண்ணைப் பார்த்து யாரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

டெக்சாஸ் கல்விச் சட்டம் 28.0216-ஐ ஒரு தடவை படியுங்கள். ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் (பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகம்) கல்வியாண்டு தொடங்கும் முன் மதிப்பீட்டுக் கொள்கை ஒன்றை நிறைவேற்ற வேண்டும். அந்தக் கொள்கைப்படி மார்க் என்பது, கொடுத்த வேலையில் மாணவருக்கு எவ்வளவு தேர்ச்சி இருக்கிறது என்பதைக் காட்ட வேண்டும். சட்டையை வீட்டில் மறந்த பிள்ளைக்குத் தேர்ச்சியில் 0 என்று எழுதினால், அது இந்த வாசகத்தோடு நேராக இடிக்கிறது. ஒழுக்கக் காரணத்துக்காக மார்க்கைக் குறைக்கக் கூடாது என்று பல மாவட்டக் கையேடுகள் வெளிப்படையாகவே சொல்கின்றன. உங்கள் மாவட்டக் கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு பிறகு எழுதுங்கள்.

விதி 2 வேறு விதத்தில் சிக்கல். 'மரியாதை' என்றால் என்ன? சாதாரண மனிதருக்கு எது தடை என்று புரியாத சட்டம் செல்லாது என்பதை இந்தப் பாடத்தில்தான் நடத்தப்போகிறீர்கள். 1972-இல் பாபக்ரிஸ்டோ எதிர் ஜாக்ஸன்வில் வழக்கில் ஊர்சுற்றித் திரிவதைத் தடுத்த நகரச் சட்டம் அந்தக் காரணத்தால்தான் விழுந்தது. மூன்றாவது வாரம் ஒரு பிள்ளை எழுந்து, 'உங்கள் இரண்டாவது விதியும் அப்படித்தானே?' என்று கேட்கும். கேட்க வேண்டும், அதற்குத்தான் பாடம். கண்ணால் பார்த்து ஆம், இல்லை சொல்லக்கூடிய செயலாக மாற்றுங்கள்: 'ஒருவர் பேசி முடிக்கும் வரை இடைமறிக்கக் கூடாது', 'வகுப்பில் உள்ள யாரையும், அவர் குடும்பத்தையும் குற்றவாளி என்று அழைக்கக் கூடாது'.

#3 | சட்டப்பக்கம் | ஆகஸ்ட் 4, காலை 9:41

கரும்பலகை சொன்னதோடு சில சேர்க்கைகள்.

கொடுத்த மார்க் இறுதியானது. மனம்போன போக்கில் போட்டது, பிழையானது, மாவட்டக் கொள்கைக்கு ஒத்துவராதது என்று பள்ளி மாவட்டத்தின் அறங்காவலர் குழு முடிவு செய்தால் மட்டும் மாற்றலாம் (அதே கல்விச் சட்டம் 28.0214). வலுவான பாதுகாப்பு இது. ஆனால் கொள்கைக்கு முரணான வெட்டு ஒன்றைத் தாளில் எழுதி வைத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பை நீங்களே கழற்றிக் கொடுத்த மாதிரி.

அடுத்து 33.081, 'நோ பாஸ் நோ ப்ளே'. மதிப்பீட்டுக் காலத்தின் முடிவில் ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் குறைந்தது மூன்று பள்ளி வாரம் போட்டிகளிலும் நிகழ்ச்சிகளிலும் கலந்துகொள்ள முடியாது. புதன்கிழமைச் சட்டை ஒருவரைக் கால்பந்து அணியிலிருந்து வெளியே உட்கார வைக்கும் என்றால், பெற்றோர் கேள்வி கேட்பது நியாயம்தான்.

வருகைக்கும் மார்க்கால் தண்டனை வேண்டாம். 25.092 தனியாக இருக்கிறது: வகுப்பு நடந்த நாட்களில் 90 சதவீதம் வராவிட்டால் கிரெடிட் கிடைக்காது. 75 முதல் 90-க்குள் இருந்தால் பிரின்சிபால் ஒப்புக்கொண்ட திட்டத்தை முடித்துக் கிரெடிட் பெறலாம்.

போன் விதியையும் திருத்துங்கள். 2025-இல் வந்த ஹெச்.பி. 1481 (மாநிலச் சட்டமன்றத்தின் மசோதா எண்) பள்ளி நேரத்தில் சொந்தக் கருவிகளைப் பயன்படுத்துவதை மாநிலம் முழுக்கத் தடுக்கிறது. எடுத்தால் என்ன நடக்கும் என்பது மாவட்டக் கொள்கையில் இருக்கும். அதற்கு மேல் உங்கள் சொந்தத் தண்டனை எதற்கு? 'மாவட்டக் கொள்கை பொருந்தும்' என்று ஒரு வரி போதும்.

தண்டனையையும் கல்வித் தீர்ப்பையும் உச்ச நீதிமன்றமே பிரித்துத்தான் பார்க்கிறது. 1975 கோஸ் எதிர் லோபஸ்: 10 நாள் வரையிலான இடைநீக்கத்துக்குக்கூடக் குற்றச்சாட்டைச் சொல்ல வேண்டும், மறுத்தால் ஆதாரத்தை விளக்க வேண்டும், மாணவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். 1978 ஹொரோவிட்ஸ் வழக்கு: கல்வித் தரம் பற்றிய முடிவுக்கு அப்படிப்பட்ட விசாரணை தேவையில்லை. தண்டனையை மார்க்குக்குள் ஒளித்து வைத்தால், விசாரணை இல்லாமல் தண்டித்ததாகிவிடும். வகுப்பறைக் கண்டிப்புக்கு கோஸ் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் அந்த மூன்று படியை அப்படியே வகுப்பு நடைமுறையாக வையுங்கள். அரைப்பக்கப் படிவம் போதும்: எந்த விதி, என்ன பார்த்தேன், மாணவர் சொன்னது, முடிவு. இரண்டு நிமிட வேலை. அந்தப் படிவமே கோஸ் பாடத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு.

#4 | வல்வெட்டி | ஆகஸ்ட் 4, பகல் 12:15

நான் இதில் கொஞ்சம் மாறுபடுகிறேன். இது வேலைக்கு ஆயத்தப்படுத்தும் பாடம். நேரத்துக்கு வராத, சீருடையைக் கவனிக்காத பிள்ளையை எந்தத் திணைக்களமும் எடுக்காது. ஸ்கில்ஸ்யூஎஸ்ஏ என்ற மாணவர் தொழில்திறன் போட்டியிலும் உடை பிழையாக இருந்தால் புள்ளி குறைப்பார்கள். வகுப்பில் ஒரு புள்ளியும் இல்லையென்றால் பிள்ளை அதைப் பொருட்படுத்துமா? 20 கூடத்தான். 10 ஆவது வேண்டும் என்பது என் கருத்து.

#5 | கரும்பலகை | ஆகஸ்ட் 4, மாலை 4:30

வல்வெட்டி ஐயா, சீருடை முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. எங்கே பதிவது என்பதுதான் கேள்வி.

பெரும்பாலான ரிப்போர்ட் கார்டில் நடத்தைக்குத் தனிக் கட்டம் உண்டு. ஈ, எஸ், என், யூ என்று எழுத்தாக வரும். தாமதமும் சட்டையும் அங்கே போகட்டும். வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கும்போதும், போட்டிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போதும் அந்தக் கட்டத்தைத் திறந்து பாருங்கள். பிள்ளைகள் அதைப் பொருட்படுத்துவார்கள்.

மார்க்குக்குள் கொண்டுவரத்தான் வேண்டும் என்றால், அது கற்றுக்கொடுத்த திறனாக இருக்க வேண்டும். ரேடியோவில் பேசுவது நல்ல எடுத்துக்காட்டு. அழைப்பு எண்ணைச் சொல்லி, மறுமுனை பதில் சொல்லும் வரை காத்திருந்து, பிறகு இடம், என்ன நடக்கிறது, என்ன தேவை என்ற வரிசையில் பேசுவது. வண்டி எண்ணை 'ஆடம், பாய், சார்ல்ஸ், டேவிட்' என்று எழுத்துக்கூட்டுவது. இதற்கு 10 மார்க் தாராளமாகக் கொடுக்கலாம், ஏனென்றால் நடத்தினீர்கள், பயிற்சி கொடுத்தீர்கள், அளக்கிறீர்கள். சட்டை வாங்கப் பணமில்லாத வீடும் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளையின் தேர்ச்சியில் அது எப்படிக் குறையாகும்?

#6 | வல்வெட்டி | ஆகஸ்ட் 4, மாலை 6:05

பணம் பற்றிச் சொன்னது சரி, அதை நான் யோசிக்கவில்லை. சீருடைக்கான 20-ஐ விட்டுவிடுகிறேன். ஆனால் பாதுகாப்பு விதியில் விட்டுக்கொடுக்க மாட்டேன். வரைவின் 5-ஆம் விதி ஒரு வரியில் முடிகிறது. அது போதாது.

கைவிலங்கு: ஒவ்வொரு சோடிக்கும் எண் ஒட்டவும். பலகையில் அதன் உருவத்தை வரைந்து அதற்கு மேலே தொங்கவிட்டால், ஒன்று குறைந்தால் வாசலில் நின்றே தெரியும். சாவியைத் தனியாக எண்ண வேண்டும். வகுப்பு முடிய 5 நிமிடம் இருக்கும்போது பயிற்சியை நிறுத்தி எண்ணுங்கள், மணி அடித்த பிறகு எண்ணிப் பயனில்லை. ஆசிரியரிடம் எப்போதும் ஒரு சாவி சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

பூட்டும் முறை: மணிக்கட்டு எலும்புக்கும் கைக்கும் நடுவில் வளையம் இருக்க வேண்டும், எலும்பின் மேல் அல்ல. விரல் நுனி உள்ளே போகுமா என்று பார்த்த பிறகு இரட்டைப் பூட்டு. சாவியின் நுனியில் இருக்கும் சிறு முள்ளால் அழுத்தினால் அது விழும், அதற்குப் பிறகு வளையம் மேலும் இறுகாது. இந்தப் படியைத் தவறவிட்டால், பிள்ளை கையை அசைக்க அசைக்க இறுகி நரம்பில் அழுத்தி விரல் மரத்துப்போகும். திறக்கும்போது முதலில் சாவியை எதிர்ப்பக்கம் திருப்பி இரட்டைப் பூட்டை விடுவிக்க வேண்டும், பிறகுதான் மற்றப் பக்கம். இது தெரியாமல் பலமாகத் திருகி சாவியை உள்ளுக்குள் முறித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் கை உள்ளே இருக்கும்.

செய்யவே கூடாதவை: ஒருவரைக் குப்புறப் படுக்கவைத்துப் பூட்டுவது, முதுகில் முழங்காலை வைப்பது, கதிரையோடு சேர்த்துப் பூட்டுவது, ஒருவர் வேண்டாம் என்றபின் தொடர்வது. பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதத் தாள் இல்லாத பிள்ளைக்கு நுரைக்கை மாதிரியில் (நுரையால் செய்த பொம்மைக் கை) பயிற்சி கொடுங்கள், புள்ளி முழுமையாகக் கிடைக்க வேண்டும். எல்லாருக்கும் பொதுவாக ஒரு நிறுத்தச்சொல் வையுங்கள். 'சிவப்பு' என்று யார் சொன்னாலும் எல்லாரும் கையை எடுக்க வேண்டும்.

பயிற்சித் துப்பாக்கி என்றால் ஒரே வார்ப்பில் செய்த, நீலம் அல்லது சிவப்பு நிறப் பிளாஸ்ரிக் மட்டும். நிர்வாகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். பூட்டிய பெட்டியில் இருக்கட்டும், வகுப்பறை வாசலைத் தாண்டக் கூடாது. 2023-இல் வந்த ஹெச்.பி. 3-க்குப் பிறகு டெக்சாஸில் ஒவ்வொரு பள்ளி வளாகத்திலும் ஆயுதம் தாங்கிய அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் நடிப்பை அவர் நிஜம் என்று நினைத்துவிடும் நிலை வரக் கூடாது. நடைபாதையிலோ வெளியிலோ எந்தக் காட்சி நடத்தினாலும் முதல் நாளே அலுவலகத்துக்கும் அவருக்கும் எழுத்தில் சொல்லுங்கள். அன்று காலை திரும்பவும் சொல்லுங்கள்.

#7 | சாக்பீஸ் | ஆகஸ்ட் 4, இரவு 8:50

எல்லோருக்கும் நன்றி. ஒரு கேள்வி: மணி அடிக்கும்போது சாவி ஒன்று குறைகிறது. எல்லோர் பையையும் திறந்து பார்க்கலாமா?

#8 | சட்டப்பக்கம் | ஆகஸ்ட் 4, இரவு 9:20

வேண்டாம். 1985 நியூ ஜெர்ஸி எதிர் டி.எல்.ஓ. (பை சோதிக்கப்பட்ட மாணவியின் முதலெழுத்துகள்) வழக்குப்படி பள்ளி அதிகாரி மாணவரைச் சோதிக்க வாரண்ட் தேவையில்லை, ஆனால் நியாயமான சந்தேகம் தேவை. 28 பேரில் ஒருவர் எடுத்திருக்கலாம் என்பதை வைத்து 28 பையையும் திறப்பது அந்த அளவுகோலை எட்டுமா என்பதே பெரிய கேள்வி. துணை முதல்வரைக் கூப்பிட்டு அவரிடம் விட்டுவிடுங்கள். தரையைத் தேடுங்கள், மேசைகளைத் தள்ளிப் பாருங்கள், எண்ணும் பட்டியலில் கடைசியாக அந்த எண்ணுக்குக் கையெழுத்துப் போட்டவரிடம் கேளுங்கள். வல்வெட்டி சொன்ன 5 நிமிடம் இதற்காகத்தான்.

#9 | கைரேகை | ஆகஸ்ட் 5, காலை 6:45

செய்முறைக்கு மார்க் போடுவதில் மூன்று இடத்தில் தவறு நடக்கும்.

ஒன்று, விரல் ரேகை. தன் விரலை மையில் உருட்டி அதையே வகைப்படுத்து என்றால் சமமான தேர்வு ஆகாது. மக்களிடம் சுழிக்கண்ணி வகை கிட்டத்தட்ட 60 முதல் 65 சதவீதம், வட்டச்சுழி 30 முதல் 35, வளைவு 5 சதவீதம்தான். பத்து விரலும் சுழிக்கண்ணியாக இருக்கும் பிள்ளைக்கு வேலையே இல்லை. ஆகவே 10 ரேகை அச்சிட்ட அட்டை ஒன்றை எல்லோருக்கும் பொதுவாகக் கொடுங்கள். உருட்டும் திறனுக்கு மட்டும் சொந்த விரல்: கட்டைவிரலை உடம்பை நோக்கியும் மற்ற விரல்களை உடம்பிலிருந்து வெளிப்புறமாகவும், நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, ஒரே உருட்டில். மை அதிகமானால் கோடுகள் ஒட்டிக்கொள்ளும், திரும்ப உருட்டினால் இரட்டையாக விழும்.

மார்க் போட்டதும் அட்டையைப் பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கோப்பில் சேர்க்காதீர்கள். கல்விப் பதிவுகளுக்கான ஃபெர்பா விதிகள் விரல் ரேகையை அடையாளம் காட்டும் தகவலாகவே வகைப்படுத்துகின்றன. காரணம் கேட்காமல், விருப்பமில்லாத பிள்ளைக்கு மாற்று வேலை இருக்கட்டும். சில வீடுகளில் இது உண்மையான பயம்.

இரண்டு, தூள். கறுப்புத் தூளை 28 பேர் ஒரே நேரத்தில் தூவினால் அறை முழுக்கப் பறக்கும். நான்கு இடம், இடத்துக்கு இரண்டு பேர், முகக்கவசம், தட்டின் அடியில் பழைய தாள். தூரிகையில் தூள் அதிகமாக எடுப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை, ரேகையே அடைத்துப்போகும். மீதிப் பேருக்கு அந்த நேரத்தில் எழுத்து வேலை கொடுங்கள்.

மூன்று, குற்றக் காட்சி. 45 நிமிடத்தில் முழு அறைக் காட்சி முடியாது, அடுத்த பீரியட் பிள்ளைகள் கலைத்துவிடுவார்கள். மூன்றடிக்கு மூன்றடி அட்டைப் பலகையில் சிறு காட்சி வைத்து, துணி போட்டு மூடி அலமாரியில் ஏற்றுங்கள். முதல் நாள் படமும் வரைபடமும், இரண்டாம் நாள் சேகரிப்பு. மதிப்பெண் 25: படம் 9 (தூரத்திலிருந்து, நடுத்தூரத்திலிருந்து, அருகிலிருந்து, அருகில் எடுப்பதில் அளவுகோலோடு ஒன்று, இல்லாமல் ஒன்று), வரைபடம் 8 (ஒவ்வொரு பொருளுக்கும் அசையாத இரண்டு புள்ளியிலிருந்து அளவு), உறையிடல் 4, கைமாற்றுப் படிவம் (ஆதாரம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற பதிவு) 4. ஈரமான இரத்தக்கறை போன்றதைப் பிளாஸ்டிக் பையில் போட்டால் உறையிடலில் மார்க் இல்லை, பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போகும் என்பதால் காய வைத்துக் காகிதப் பை. உண்மையான இரத்தம் எந்தக் காரணத்துக்காகவும் வகுப்பில் வேண்டாம்.

#10 | கரும்பலகை | ஆகஸ்ட் 5, காலை 8:15

இந்தப் பாடத்தின் உயிர் அறிக்கை எழுதுவதில்தான் இருக்கிறது. வரைவில் அதற்கு ஒரு மார்க்கும் இல்லை. 100-இல் 30 அதற்குக் கொடுங்கள்.

வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதிக் கொடுத்துவிடும். வகுப்பிலேயே நடத்துங்கள்: 4 நிமிடக் காட்சி ஒரே ஒரு தடவை. அப்போது சிறு குறிப்பேட்டில் கையால் குறிப்பு. பிறகு 30 நிமிடம் அறிக்கை. குறிப்புத் தாளையும் சேர்த்து வாங்குங்கள். அறிக்கையில் இருப்பது குறிப்பில் இல்லையென்றால் 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேட்கலாம். குறுக்கு விசாரணையில் வக்கீல் கேட்பதும் அதே கேள்விதான்.

20 மார்க்குக்கு இப்படிப் பிரிக்கலாம். தேதி, நேரம், இடம், ஆட்கள் 3. நடந்த வரிசை 4. பார்த்ததையும் ஊகித்ததையும் பிரித்தது 7. குற்றத்தின் கூறுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு உண்மை 4. தன்மையில், கடந்த காலத்தில், தெளிவாக எழுதியது 2.

அந்த 7-தான் கனமானது. 'அவர் குடித்திருந்தார்' என்பது ஊகம். 'பேசும்போது மது வாடை வந்தது, சொற்கள் குழறின, நிற்கும்போது கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்' என்பது பார்த்தது. 'பதற்றமாக இருந்தார்', 'சந்தேகப்படும்படி நடந்தார்', 'கோபமாக வந்தார்' இந்த மூன்றும் எல்லாத் தாளிலும் வரும். ஒவ்வொன்றுக்கும் 1 குறைத்து, பக்கத்தில் 'என்ன பார்த்தாய்?' என்று மட்டும் எழுதுங்கள். நாலாவது அறிக்கையில் மாற்றம் தெரியும். இன்னொரு பக்கமும் இதில் இருக்கிறது. ஊகத்தை உண்மையாக எழுதும் பழக்கம்தான் பின்னாளில் தவறான ஆளைச் சிறைக்கு அனுப்புகிறது. 15 வயதில் இதைத் திருத்துவது பெரிய வேலை, அதற்கு 7 மார்க் அதிகமில்லை.

இலக்கணப் பிழைக்கு வெட்டு வேண்டாம், பொருள் மாறினால் தவிர. ஆங்கிலம் இப்போதுதான் கற்கும் பிள்ளைகள் கவனிப்பதில் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள்.

#11 | தோழமை_ஆலோசகர் | ஆகஸ்ட் 5, காலை 10:30

யாரும் தொடாத ஒன்று. 28 பேரில் யாருடைய அப்பாவோ அண்ணனோ சிறையில் இருக்கலாம். சிலர் தாங்களே பாதிக்கப்பட்டிருக்கலாம். சிலர் வீட்டில் போலீஸ்காரர் இருக்கலாம். விதித்தாளில் இதற்கு இடம் வேண்டும்.

சொந்தக் கதையைச் சொல்ல வைக்கும் கேள்வியை மார்க் வேலையாகக் கொடுக்காதீர்கள். 'உங்கள் குடும்பத்துக்கும் போலீசுக்கும் நடந்த அனுபவம்' என்ற கட்டுரைத் தலைப்பு வேண்டவே வேண்டாம். நடிப்பில் 'சந்தேக நபர்' வேடம் சீட்டுக் குலுக்கி எல்லோருக்கும் சுழல வேண்டும். காட்சித் தாளில் இனம், மொழி, ஊர் குறிப்பிட வேண்டாம். வன்முறை, பாலியல் குற்றம் பற்றிய பாடத்துக்கு முதல் நாளே அறிவிப்பு. விலக விரும்பும் பிள்ளைக்கு அதே திறனை அளக்கும் வேறு வழக்கு. உண்மையான பிணப் படங்கள் எந்தப் பாடத்துக்கும் தேவையில்லை.

பிள்ளை தனக்கு நடந்த கொடுமையை வகுப்பிலோ தாளிலோ சொல்லிவிட்டால், டெக்சாஸ் குடும்பச் சட்டம் 261.101-இன்படி ஆசிரியர்தான் நேரடியாகப் புகார் செய்ய வேண்டும். ஆலோசகரிடமோ முதல்வரிடமோ சொன்னதோடு அந்தக் கடமை முடியாது, வேறொருவரிடம் ஒப்படைக்கவும் முடியாது. 'நீ சொல்வதை ரகசியமாக வைத்துக்கொள்வேன்' என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள். முதல் நாளே இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவது நேர்மை.

504 திட்டமோ (உடல், மனக் குறைபாடுள்ள மாணவருக்கான ஏற்பாடு) தனிக் கல்வித் திட்டமோ உள்ள பிள்ளைக்குக் கூடுதல் நேரம் என்றால், அறிக்கையின் 30 நிமிடம் அவருக்கு 45 ஆகலாம். காட்சியைத் திரும்பப் போட்டுக் காட்டுவதும் ஏற்பாட்டில் இருந்தால் போட்டுத்தான் ஆக வேண்டும். அதற்காக மார்க் குறையக் கூடாது.

#12 | சட்டப்பக்கம் | ஆகஸ்ட் 5, பகல் 1:05

தேர்வுக் கேள்விகள் பற்றி. பழைய கேள்வி வங்கியை அப்படியே எடுத்தால் தவறான விடைக்கு மார்க் போடுவீர்கள்.

திருட்டுக்கான தொகை வரம்பு 2015 செப்டம்பர் 1-இல் மாறியது. இப்போது 100 டாலருக்குக் கீழே கிளாஸ் சி (சிறு குற்றங்களில் மிகச் சிறியது), 100 முதல் 750-க்குள் கிளாஸ் பி, 750 முதல் 2,500-க்குள் கிளாஸ் ஏ, 2,500 முதல் 30,000-க்குள் ஸ்டேட் ஜெயில் ஃபெலனி என்ற பெருங்குற்றம். பழைய புத்தகத்தில் 50, 500, 1,500 என்று இருக்கும். 600 டாலர் போனைத் திருடினால் பழைய விடை கிளாஸ் ஏ, சரியான விடை கிளாஸ் பி.

வயதும் அப்படியே. நாடு முழுமைக்கும் எழுதிய புத்தகம் 18 என்று சொல்லும். டெக்சாஸில் 17 வயதானவர் பெரியவர்களுக்கான குற்ற நீதிமன்றத்துக்குத்தான் போவார். 10 முதல் 16 வரைதான் சிறார். இது உங்கள் பிள்ளைகளுக்கு மார்க்கைவிட முக்கியமான தகவல்.

மிராண்டா எச்சரிக்கை (பேசாமல் இருக்கவும் வக்கீல் வைத்துக்கொள்ளவும் உள்ள உரிமையைப் போலீஸ் சொல்வது) பற்றி 'கைது செய்தவுடன் உரிமைகளைப் படிக்க வேண்டும்: சரியா, தவறா?' என்று கேட்டால் பாதி வகுப்பு தொலைக்காட்சியைப் பார்த்துச் 'சரி' போடும். காவலில் இருக்கும்போது விசாரித்தால்தான் தேவை. இரண்டு நிபந்தனையும் தனித்தனியாக 2 மார்க். 2011 ஜே.டி.பி. எதிர் நார்த் கரோலினா வழக்கைச் சேர்த்தால், பள்ளியிலேயே விசாரிக்கப்பட்ட 13 வயதுப் பையன் காவலில் இருந்தானா என்று பார்க்க வயதும் கணக்கில் வரும் என்பது புரியும்.

வழக்குச் சுருக்கத்துக்கு 10 மார்க்: நடந்தது 2, கேள்வி 2, தீர்ப்பு 2, காரணம் 3, இந்தப் பள்ளியில் பொருத்திப் பார்ப்பது 1. டி.எல்.ஓ. ஜெயித்தாள் என்று நிறையப் பேர் எழுதுவார்கள், வழக்கின் பெயரில் அவள் இருப்பதால். அவள் தோற்றாள், சோதனை செல்லும் என்றுதான் தீர்ப்பு. தீர்ப்பு தவறானாலும் காரணத்தைத் தனியாகப் படித்து மார்க் போடுங்கள்.

28.012-இன்படி போலீசோடு எப்படி நடந்துகொள்வது என்ற பாடம் 9 முதல் 12 வரை கட்டாயம். உங்கள் பள்ளி அதை எந்த வகுப்பில் நடத்துகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் பாடத்தோடு நன்றாகப் பொருந்தும்.

#13 | சாக்பீஸ் | ஆகஸ்ட் 5, மாலை 5:40

தாமதமான வேலையை ஏற்கவே கூடாது என்ற 6-ஆம் விதியை இன்னும் யாரும் தொடவில்லை. மாவட்ட மார்க் செயலியில் மேஜர் 60, மைனர் 40 என்று இரண்டே பிரிவுதான் திறக்கிறது. எப்படிச் சேர்ப்பது?

#14 | கரும்பலகை | ஆகஸ்ட் 5, மாலை 6:20

0 எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். நாலு வேலையில் 85, ஒன்றில் 0. சராசரி 68. தோல்வி. ஐந்து 85, ஒரு 0 என்றால் 70.8, மயிரிழையில் தேர்ச்சி. ஒரு 0 அவ்வளவு பெரியது. வேலையின் தரத்தைப் பார்க்காமல் குறைந்தபட்ச மார்க் போடு என்று ஆசிரியரை மாவட்டம் கட்டாயப்படுத்த முடியாது, 28.0216 அதைத் தடுக்கிறது. அதே பிரிவு தோற்ற வேலையைத் திரும்பச் செய்ய நியாயமான வாய்ப்பை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. ஆகவே: 5 பள்ளி நாள் வரை ஏற்பு, வெட்டு இல்லை, நடத்தைக் கட்டத்தில் குறிப்பு. அதற்குப் பிறகு 0, ஆனால் மதிப்பீட்டுக் காலம் முடிய ஒரு வாரத்துக்கு முன் மதிய நேரத்தில் மறுவாய்ப்பு ஒன்று. அறிக்கைக்குப் புதுக் காட்சி, பழையதைத் திருத்துவது அல்ல.

உங்கள் மாவட்டம் இதைவிடக் கடுமையாக எழுதியிருந்தால் மாவட்டம் சொன்னதுதான்.

மேஜர் 60: அறிக்கை இரண்டு, செய்முறை ஒன்று, தேர்வு ஒன்று. மைனர் 40: வழக்குச் சுருக்கம், ரேடியோ, பயிற்சி அறிக்கை, சின்னத் தேர்வு, மொத்தம் எட்டு. கிட்டத்தட்ட நான் சொன்ன 30 அறிக்கைக்குக் கிடைத்துவிடும். முதல் அறிக்கையை மேஜரில் போடாதீர்கள். மூன்று பயிற்சி மைனரில் போன பிறகு.

#15 | வல்வெட்டி | ஆகஸ்ட் 5, இரவு 7:30

பாதுகாப்பை மீறினால்? அதற்கும் புள்ளி இல்லையா?

#16 | கரும்பலகை | ஆகஸ்ட் 5, இரவு 7:48

இருக்கிறது. இரட்டைப் பூட்டு, விரல் நுனிப் பார்வை, 'சிவப்பு' சொன்னதும் நிறுத்துவது இவை செய்முறையின் படிகள், ரூப்ரிக்கில் (மார்க் பிரிப்புப் பட்டியல்) இருக்கும், தவறினால் அந்தப் படிக்கு மார்க் இல்லை. விளையாட்டுக்காகத் தோழனைப் பூட்டினால் அது ஒழுக்க மீறல்: பயிற்சி உடனே நிற்கும், படிவம், அலுவலகம். திரும்பக் கருவியைத் தொடப் பாதுகாப்புத் தேர்வில் 100-க்கு 100 எடுக்க வேண்டும். அதுவரை நுரைக்கை மாதிரி.

#17 | கைரேகை | ஆகஸ்ட் 6, காலை 6:50

பிள்ளைகள் ஒருவர் தாளை ஒருவர் திருத்துவது பற்றி எப்போதும் சந்தேகம் வரும். 2002-இல் ஓவாசோ எதிர் ஃபால்வோ வழக்கில், ஆசிரியர் பதிவேட்டில் ஏற்றும் வரை அந்தத் தாள் ஃபெர்பாவின் கல்விப் பதிவு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. செய்யலாம். ஆனால் மார்க்கைச் சத்தமாகச் சொல்ல வைக்க வேண்டாம். கைமாற்றுப் படிவத்துக்கு இது நன்றாக வேலை செய்யும்: பக்கத்து அணியின் படிவத்தில் கையெழுத்து, தேதி, நேரம் விடுபட்ட இடத்தை வட்டமிடச் சொல்லுங்கள்.

#18 | சாக்பீஸ் | ஆகஸ்ட் 6, இரவு 9:15

திருத்திய தாள்:

1. மணி அடிக்கும்போது இருக்கையில், குறிப்பேடு திறந்து. தாமதமும் சீருடையும் நடத்தைக் கட்டத்தில் பதியப்படும், மார்க்கில் அல்ல.
2. ஒருவர் பேசி முடிக்கும் வரை இடைமறிக்கக் கூடாது. வகுப்பில் உள்ள யாரையும், அவர் குடும்பத்தையும் குற்றவாளி என்று அழைக்கக் கூடாது.
3. சொந்தக் கருவிகள்: மாவட்டக் கொள்கை பொருந்தும்.
4. கருவிகள் எண் பார்த்து, கையெழுத்துப் போட்டு. முடிய 5 நிமிடத்தில் எண்ணிக்கை. சம்மதத் தாளும் பாதுகாப்புத் தேர்வும் முன்நிபந்தனை. 'சிவப்பு' என்றால் கையை எடு.
5. விதி மீறியதாகத் தோன்றினால்: எந்த விதி, என்ன பார்த்தேன், நீ சொல்வது என்ன, முடிவு. மாணவருக்கு ஒரு பிரதி.
6. தாமத வேலை 5 பள்ளி நாள் வரை. மறுவாய்ப்பு ஒன்று, புதுக் காட்சியோடு.
7. நீ என்னிடம் சொல்லும் சிலவற்றைச் சட்டப்படி நான் புகார் செய்தாக வேண்டும்.

மேஜர் 60, மைனர் 40, கரும்பலகை சொன்ன பிரிப்பு.

#19 | தோழமை_ஆலோசகர் | ஆகஸ்ட் 6, இரவு 9:40

7-ஆம் விதியில் 'சிலவற்றை' என்பது தெளிவில்லை, கரும்பலகை சொன்ன அதே ஓட்டை. 'யாராவது உன்னையோ வேறு பிள்ளையையோ துன்புறுத்துவதாகவோ, கவனிக்காமல் விடுவதாகவோ சொன்னால்' என்று எழுதுங்கள். வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பெற்றோர் இருந்தால் சம்மதத் தாளையும் இந்த வரியையும் அந்த மொழியிலும் அச்சடியுங்கள். புரியாமல் போட்ட கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல முடியாது.

#20 | சாக்பீஸ் | ஆகஸ்ட் 6, இரவு 9:52

மாற்றிவிட்டேன். சம்மதத் தாளில் நுரைக்கை மாதிரிக்கான கட்டத்தைக் கைவிலங்குக் கட்டத்துக்கு மேலேயே வைத்திருக்கிறேன், இரண்டுக்கும் ஒரே மார்க் என்ற வரியோடு.